இருபது நாளைக்கு ஒரு டம்ளர்

முதல் இலை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு விழுந்தது. விழுந்த சத்தம் தன் காதில் கேட்டதாக சுரேஷ்கண்ணன் சத்தியம் செய்வான். புளியங்கொட்டை அளவு இலை விழுந்தால் சத்தம் எங்கே வரப்போகிறது? ஆனால் காப்பி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு ஒருவன் ஒன்பது நாளாக ஒரே செடியை வெறித்துப் பார்த்தபடி இருந்தால், அவனுக்கு என்னவெல்லாமோ கேட்கும்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இலையை எடுத்துப் பார்த்தான். குண்டாக, வழவழப்பாக, ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"என்னடா ஆச்சு ஒனக்கு?" என்றான்.

செடிக்கு ஜேடு என்று பெயர். ஜன்னலோரம் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிற ஜாதி. ஒரு சாண் உயரம், விரல் தடிமனில் தண்டு, அதில் கொழுகொழு என்று இலைகள். தன் இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யாரையும் எதுவும் கேட்காமல் இருந்துகொள்ளும் என்று வாங்கி வந்த மனைவி யுவராணி சொல்லியிருந்தாள்.

யுவராணி இப்போது கம்பத்தில், அம்மா வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால்தான் எங்கேயோ போய் இந்தத் தொட்டியை வாங்கி வந்து ஜன்னலில் வைத்தாள்.

"என்னங்க, நல்லாக் கேட்டுக்கங்க. இருபது நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி. வேற ஒண்ணும் வேணாம். உரம் வேணாம், மருந்து வேணாம், தூக்கிக்கிட்டுத் திரிய வேணாம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். இதப் பாத்துக்கிட்டீகன்னா, பிள்ளையையும் பாத்துக்கிருவீகன்னு நான் நம்பிக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுரேஷ்கண்ணனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஐந்தாம் மாத ஸ்கேன் அன்று அவன் கடமலைக்குண்டில் யாரோ ஒருவருடைய முருங்கைத் தோட்டத்தில் குழாய் பதித்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொன்னவனுக்கு நாலு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. யுவராணி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தனியாகவே ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. "பிள்ளைக்கு ரெண்டு கை, ரெண்டு காலு இருக்காம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்று மட்டும் சொல்லிவிட்டு சோறு போட்டாள்.

அந்தச் சோறு இன்னும் அவன் தொண்டையிலேயே நின்றது. அன்றிலிருந்து தான் தகப்பனாக லாயக்கில்லாதவன் என்று ஒரு பயம் அவனுக்கு. கைப்பிள்ளையைத் தூக்கச் சொன்னால் கரண்டு கம்பியைத் தொடச் சொன்னதுபோல் பின்வாங்குகிற ஆள் வேறு. ஆகவே இந்தச் செடியில் ஜெயித்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டான்.

முடிவு நல்ல முடிவுதான். சிக்கல் அவன் செய்த தொழிலில் இருந்தது.

தேனி பெரியகுளம் சாலையில் ஞானதுரை அண்ணாச்சியின் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் அவன் எட்டு வருடமாக டெக்னீசியன். எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வாழைக்கு நாளைக்கு இத்தனை லிட்டர், தென்னைக்கு இத்தனை, திராட்சைக்கு இத்தனை. இந்தப் பக்கத்து ஆட்கள் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்தவன் சுகத்தை விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவனிடம் இருபது நாளைக்கு ஒரு டம்ளர் என்றால் அவன் மனசு எப்படி ஒப்பும்?

முதல் நாள் ஒப்பிப் பார்த்தான். இரண்டாம் நாள் காலையில் வீட்டில் ஈ காக்கை இல்லை. அவனும் செடியும் மட்டும்தான். தான் மட்டும் காப்பி குடிப்பது ஒரு மாதிரி இருந்தது. எழுந்து போய் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினான். மூன்றாம் நாளிலிருந்து முழு டம்ளர் ஆனது. அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி, அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர். குடித்துக்கொண்டே இருவரும் பேசுவார்கள். பேசுவது ஒருவன்தான் என்றாலும், எதிரே ஆள் இருப்பதுபோல் இருந்தது.

வாயைத் திறந்து பேசாதவன் என்று பெயரெடுத்த சுரேஷ்கண்ணன் அந்தச் செடியிடம் என்னென்னவோ சொன்னான். ஸ்கேன் கதையைக்கூடச் சொன்னான். "மறந்துட்டேன். மறந்துட்டேன், மன்னிச்சுக்கன்னு அவகிட்டச் சொல்லணும்ல? அதச் சொல்ல இன்னும் வாய் வரல" என்றான்.

அப்படி அன்போடு வளர்த்த செடியில்தான் இலை விழுந்தது. அவனுக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. தாகம்.

அன்றிலிருந்து சாயங்காலமும் ஒரு டம்ளர் ஊற்றினான்.

தினமும் ஏழு மணிக்கு யுவராணி வீடியோவில் வருவாள்.

"சாப்ட்டீகளா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்டீக?"

"சாப்பாடுதான்."

"கிழிஞ்சது. சரி, செடியக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு இலை உதிர்ந்திருந்தது. அத்தனையையும் அவன் சட்டைப் பையில் வைத்திருந்தான். எங்கே போடுவது என்று தெரியவில்லை, குப்பையில் போட மனசும் வரவில்லை. செடியின் நல்ல பக்கத்தைத் திருப்பி வைத்துப் போனைக் காட்டினான். அந்த நேரம் பார்த்து நல்ல பக்கத்திலிருந்தும் ஓர் இலை கழன்றது.

"என்னங்க அது விழுந்துச்சு?"

"பல்லி."

"பச்சையா இருந்துச்சு?"

"இங்கன அல்லிநகரத்துல பல்லி அப்படித்தான் இருக்கும்."

யுவராணி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். தப்பித்துவிட்டோம் என்று சுரேஷ்கண்ணன் நினைத்துக்கொண்டான். கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகிறது, அதனால் அப்படி நினைத்தான்.

மறுநாள் கடையில் அண்ணாச்சியிடம் யோசனை கேட்டான். ஞானதுரை அறுபது வயதுக்காரர். உலகத்தில் எந்தப் பிரச்சினையானாலும் ஒன்று தண்ணீர் பற்றவில்லை, இல்லையென்றால் குழாய் சரியில்லை என்பது அவருடைய கட்சி. தன் வீட்டுச் செடி என்று சொன்னால் மானம் போகும் என்று சுரேஷ்கண்ணன் கொஞ்சம் மாற்றிச் சொன்னான்.

"அண்ணாச்சி, ஒரு விவசாயி போன் பண்ணாரு. இலை மஞ்சளாகி உதிருதாம்."

"என்ன பயிரு?"

"கொஞ்சம் சதைப்பிடிப்பான பயிரு."

"வாழையா?"

"அந்த மாதிரின்னு வச்சுக்கங்க."

"எம்புட்டு வச்சிருக்காரு?"

"ஒண்ணு."

"ஒரு ஏக்கருக்கா இந்தக் கலக்கம் கலங்குறாரு?" அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேளு. மடமடன்னு ஊத்துறாரு, பெறகு அப்படியே விட்டுர்றாரு. வேரு தெகைச்சுப் போகும்ல? சொட்டுச் சொட்டா, நிக்காமப் போகணும். ட்ரிப்பர் போடச் சொல்லு. நீயே போய் மாட்டிக் குடுத்துட்டு வா."

"நானேவா?"

"வேற யாரு? ஒன் கை வச்சா பட்ட மரமும் துளுக்கும்ல."

அந்தப் பாராட்டில் சுரேஷ்கண்ணன் மயங்கிவிட்டான். அன்று சாயங்காலமே இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பீரோ மேல் வைத்தான். கேனிலிருந்து சின்னக் குழாய், குழாயில் ஒரு வால்வு, நுனியில் ட்ரிப்பர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் அளந்து வைத்தான். நின்று பார்த்தபோது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி மாதிரிதான் இருந்தது. ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. எட்டு வருடத்தில் இவ்வளவு நேர்த்தியாக அவன் எந்தத் தோட்டத்திலும் மாட்டியதில்லை.

திங்கட்கிழமை மயிலாடும்பாறையில் வேலை. போன இடத்தில் மோட்டார் பழுதாகி அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டு சங்கிலியம்மாள் மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏந்தம்பி, எங்க வீட்டு டிவிக்கு மேல மழ பெய்யுது. மேல என்ன, நாத்துப் பாவியிருக்கீகளா?"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வால்வு எப்படியோ இளகியிருக்கிறது. இருபது லிட்டரும் தொட்டி வழியாக இறங்கி, தரை வழியாக ஓடி, சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போயிருந்தது. வீடெல்லாம் இலை மிதந்தது. செடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

அன்று ஏழு மணிக்கு வீடியோவை எடுக்காமல் சும்மா பேசினான். "கேமராவுல ஏதோ கோளாறு யுவா" என்றான். பேசி முடித்ததும் ஜெயமங்கலத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டான். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றிவிட்டது.

அப்பா ராக்கையா ஐம்பது வருடமாக நெல்லும் வாழையும் போட்டவர். மறுநாள் காலையில் மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கு மூட்டையோடு அல்லிநகரம் வந்து இறங்கினார். செடியைச் சுற்றி வந்து பார்த்தார். தொட்டி மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"ஏலே, இது மண்ணா? மணலும் செங்கத் தூளும் கரியுமால்ல கெடக்கு! இதுல என்ன சத்து இருக்கும்? எந்தப் பாவி இதுல நட்டது?"

"நர்சரிக்காரங்க அப்படித்தான் தருவாகளாம் யப்பா. தண்ணி தங்கக்கூடாதுன்னு."

"தண்ணி தங்காத மண்ணுல எவன் வெள்ளாமை செய்வான்?" சாக்கை அவிழ்த்தார். உள்ளே நல்ல கறுப்பான கண்மாய் வண்டல். "பாத்தியா? இதுல குச்சிய ஊனுனாக்கூட வேரு விடும். மருமக கேட்டா, மாமனாரு வந்து மண்ணு மாத்திவிட்டாருன்னு தைரியமாச் சொல்லு."

செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, வண்டலைத் திணித்து, மறுபடி நட்டு, கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு மடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து அவரே காய்ச்சாமல் வடித்த மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி என்பது கணக்கு. தொட்டிக்கே மூன்று மூடி ஊற்றினார்.

"கூடுதலா இருக்கே யப்பா?"

"நோயாளிக்கு அளவு பாப்பாகளா? குடிக்கட்டும்."

போகும்போது வாசலில் நின்று, "ஏலே, மருமக போன் பண்ணுனாளா, பேரப்பிள்ள எப்படி இருக்காம்?" என்றார். அதைக் கேட்கத்தான் இத்தனை தூரம் மூட்டையோடு வந்தார் என்று சுரேஷ்கண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. "நல்லா ஒதைக்கிதாம்" என்றான். அவர் சந்தோஷமாக மொபெட்டை மிதித்துக்கொண்டு போனார்.

மீன் வாடை பத்து மணிக்கு அறையை நிறைத்தது. மத்தியானம் படியிறங்கித் தெருவுக்குப் போனது. சாயங்காலம் அவன் கடையிலிருந்து வரும்போது, அல்லிநகரத்தில் எத்தனை பூனை இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் மூன்று, மொட்டைமாடிச் சுவரில் இரண்டு, படியில் குட்டியோடு ஒன்று. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டியது. திறந்தால் பூனை வந்தது. சாத்தித் திறந்து, திறந்து சாத்தி, நடுவில் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஒரு நிமிடம் நகர்ந்தான்.

டமால் என்று கேட்டது.

தொட்டி உடையவில்லை, கவிழ்ந்துதான் கிடந்தது. சாம்பல் நிறப் பூனை ஒன்று வண்டலை ஏமாற்றத்தோடு கிளறிக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுச் செடியை எடுத்து நிமிர்த்தினான். தண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே கனிந்து போன வாழைப்பழம் மாதிரி கொழகொழ என்றிருந்தது. பூனை தள்ளாவிட்டாலும் இரண்டு நாளில் விழுந்திருக்கும். என்றைக்கோ செத்துப்போன செடிக்குத்தான் இத்தனை வைத்தியமும் நடந்திருக்கிறது.

சுரேஷ்கண்ணன் அந்த வண்டல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனுக்கு அழுகை வந்தது. ஒரு செடிக்காக அழுகிறோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே அழுதான். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் கையில் பிள்ளையைக் கொடுப்பாளா? கொடுத்தால்தான் அவனே வாங்குவானா?

வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கரண்டு இல்லை என்றான். வெள்ளிக்கிழமை அவள் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, நாளைக்குத் தேனியில டாக்டரம்மாகிட்ட செக்கப்பு. அம்மா கூட காலைல பஸ்ஸுல வாரேன். முடிச்சுட்டு அப்படியே வீட்டுக்கு வந்துட்டுப் போறோம். செடியையும் பாத்த மாதிரி இருக்கும்."

சுரேஷ்கண்ணன் காலி ஜன்னல் தெரியாமல் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"எதுக்கு யுவா அலைச்சல்? நான் ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன். பத்து மணிக்கு வாசல்ல நிப்பேன்."

"ஆஸ்பத்திரிக்கும் வாங்க, நாங்க வீட்டுக்கும் வாரோம். மொகம் ஏன் இப்படிக் கெடக்கு? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தூக்கமில்ல."

"இந்தாங்க, பிள்ளைகூடப் பேசுங்க. நீங்க பேசுனா ஒதைக்கிது, நான் பாத்துட்டேன்."

அவள் போனை வயிற்றில் வைத்தாள். திரை இருட்டாக இருந்தது. என்ன பேசுவது? ஊர் உலகத்தில் தகப்பன்மார் என்ன பேசுவார்கள்? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தண்ணி குடிச்சியா?"

அந்தப் பக்கம் யுவராணி சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ, வலிக்குதுங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவனுக்கு வாய்வரை வந்தது. ஆனால் சிரிக்கிறவளை எப்படி நிறுத்துவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நாளைக்குச் சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்று அடுத்த அரைமணியில் தோன்றியது.

அதே மாதிரி ஒரு செடி வாங்கி வைத்துவிட்டால்?

தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தான். அடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: பொன்னாத்தாள் நர்சரி, வீரபாண்டி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவன் பைக் கம்பம் சாலையில் பறந்தது. முன்னால் தொட்டி. பழைய வாஷரைக் காட்டித்தான் புது வாஷர் வாங்க வேண்டும் என்பது அவன் தொழிலில் பாலபாடம். செடியின் அளவுக்கு, முதல் நாள் எடுத்த போட்டோ போனில் இருந்தது.

பொன்னாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ரோஜாப் பதியன்களுக்குக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தச் செடி வேணும். இதே அளவு. இதே மாதிரி. கெளை கூட இந்தப் பக்கம் சாஞ்சாப்புல இருக்கணும்."

பொன்னாத்தாள் போனை வாங்கிப் பார்த்தாள். தொட்டியை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல இருந்த செடி எங்க?"

"செத்துப்போச்சு."

"எப்படிச் செத்துச்சு? காஞ்சா, அழுகியா?"

"எப்படிச் செத்தா என்னக்கா? எனக்குப் புதுசு ஒண்ணு குடுங்க. பத்து மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

"எனக்குத் தெரியணும். சொன்னாத்தான் ஆச்சு."

சுரேஷ்கண்ணன் யோசித்தான். அவன் சட்டைப் பையிலேயே சொட்டுநீர்க் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் தைத்திருந்தது. தண்ணீர் பாய்ச்சக் கற்றுக்கொடுக்கிறவன் தண்ணீர் ஊற்றியே ஒரு செடியைக் கொன்றான் என்றால் வீரபாண்டியிலிருந்து கூடலூர் வரை சிரிக்கும். வேலைக்கு வெளியூர் போன இடத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்றால் கௌரவமாக இருக்கும். ஆம்பளைகள் எல்லாரும் சொல்கிற காரணம்தானே.

"அது வந்துக்கா… வேலை ஜாஸ்தி. வெளியூரு போயிட்டேன். காஞ்சு…"

பொன்னாத்தாளின் முகம் சட்டென்று மாறியது. குழாயைக் கீழே போட்டாள். போனையும் தொட்டியையும் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப இல்ல தம்பி. போயிட்டு வாங்க."

"என்னக்கா இது! அந்தா வரிசையா வச்சிருக்கீகள்ல?"

"ஒங்களுக்கு இல்ல."

அவள் திரும்பி நடந்தாள். சுரேஷ்கண்ணன் வெறும் தொட்டியோடு நின்றான். ஏன் என்று தெரியவில்லை, ஸ்கேன் அன்று சோறு போட்ட யுவராணியின் முதுகு மாதிரியே இருந்தது அந்த முதுகு. அதற்கு மேல் அவனால் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அக்கா, நில்லுங்க. காயல. காயலக்கா. நாந்தான் கொன்னேன்."

பொன்னாத்தாள் நின்றாள்.

"இருபது நாளைக்கு ஒருக்கா ஊத்தச் சொல்லிட்டுப் போனா. எனக்கு மனசு கேக்கலக்கா. நான் மட்டும் காப்பி குடிக்க, அது பாத்துக்கிட்டே இருந்துச்சு. தெனம் ஒரு டம்ளர் ஊத்துனேன். இலை விழுந்துச்சு. தாகமோன்னு ரெண்டு டம்ளர் ஊத்துனேன். பெறகு பீரோ மேல கேன வச்சு ட்ரிப் போட்டேன். எங்கப்பா கண்மாய் வண்டல் கொண்டாந்து நட்டாரு, மீன் அமிலம் ஊத்துனாரு. வேரெல்லாம் அழுகி, தண்டு கூழாப் போச்சு. ஒரு நாளு கூட மறக்கலக்கா. மறந்துருந்தா பொழைச்சிருக்கும்."

பொன்னாத்தாள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, இரக்கப்படுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பச்சை வலைக் கொட்டகைக்குள் போனவள் ஒரு தொட்டியோடு திரும்பி வந்தாள். அதே உயரம், அதே கொழுகொழு இலை, கிளைகூட ஒரு பக்கம் சாய்ந்தாற்போல. அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதைப் பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகுதான் ஞாபகம் வந்து பையைத் துழாவினான்.

"எவ்வளவுக்கா?"

"காசெல்லாம் குடுத்தாச்சு."

"குடுத்தாச்சா? யாரு?"

பொன்னாத்தாள் கீழே கிடந்த குழாயை எடுத்துக்கொண்டாள்.

"போன மாசம் ஒரு பிள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து இதுல ரெண்டு வாங்குச்சு தம்பி; ஒண்ண இங்கனயே வச்சுட்டு, ‘எங்க வீட்டுக்காரரு தேடி வருவாருக்கா, காய விட்டுக் கொன்னுட்டு வந்தாருன்னா குடுக்காதீக, தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டு வந்தாருன்னா ஒரு வார்த்த வையாமக் குடுத்து அனுப்புங்க’ன்னு சொல்லிட்டுப் போச்சு."